கைகளைப் பின்னால் கட்டிக்கொள்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் மாணவர்கள் நால்வர் மூன்று மாதம் உழைத்துச் செய்த தானியங்கி நீர்ப்பாய்ச்சும் கருவி, தேர்வாளர் முன்னிலையில் மோட்டார் சுழலத் தொடங்கிய கணமே அணைந்து, மீண்டும் உயிர்பெற்று, மீண்டும் அணைந்ததை எழுதியிருந்தாய். ஆயத்தமாக விலைக்கு வாங்கிவந்த ஒன்றை மேசைமேல் வைத்த இன்னொரு குழு, தடங்கலின்றி இயக்கிக் காட்டிக் கூடுதல் மதிப்பெண் பெற்றதையும் எழுதியிருந்தாய். உன் கோபம் நியாயமானது. அடுத்த வாரம் மறுபடி செய்துகாட்ட அனுமதி வாங்கிவிட்டதாகவும், அதற்குள் நீயே உட்கார்ந்து பிழையைச் சரிசெய்து கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். செய்து கொடுக்காதே அம்மா.

ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீரான இடைவெளியில் மின்துடிப்பு தரும் 555 டைமர் என்ற சில்லை வைத்து ஓர் எல்இடி விளக்கை விட்டுவிட்டு எரியச் செய்யும் பயிற்சியை மாணவர்களுக்குக் கொடுப்போம். 1971இல் ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்த அந்தச் சில்லு இன்றும் பலருடைய முதல் சர்க்யூட்டாக இருப்பதற்குக் காரணம், ஒரு ரெசிஸ்டரையோ கெப்பாசிட்டரையோ மாற்றினால் துடிப்பின் வேகம் மாறுவதைக் கண்ணெதிரே பார்க்க முடிவதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மாணவனுக்கு மட்டும் அது எரியவேயில்லை. போய்ப் பார்த்ததும் எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. பிரெட்போர்டு என்பது பற்றவைக்காமல் பாகங்களைத் துளைகளில் செருகிச் சர்க்யூட் அமைக்கும் பலகை. அதன் ஓரத்தில் நீளவாக்கில் ஓடும், மின்சாரம் கொடுப்பதற்கான துளைவரிசை சில பலகைகளில் நடுவில் துண்டாகியிருக்கும். அருகில் வரைந்திருக்கும் சிவப்புக் கோடும் அந்த இடத்தில் விட்டுப்போயிருக்கும். அவன் மின்சாரம் கொடுத்தது ஒரு பாதியில், சில்லு இருந்தது மறுபாதியில். ஒரு துண்டுக் கம்பியை எடுத்து இரண்டு பாதிகளையும் நானே இணைத்தேன். எல்இடி சிமிட்டியது, அவன் நன்றி சொன்னான், எனக்கும் பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, வேறொரு பலகையில் அதே பிழையோடு அவன் என் முன்னால் வந்து நின்றான். சர்க்யூட்டை நான் திருத்தினேனே தவிர, எங்கே தேடுவது என்பதை அவன் தெரிந்துகொள்ளவேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த முறை மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை அவன் கையில் கொடுத்துவிட்டு, என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கறுப்பு முனையைத் தரை இணைப்பில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை ஒவ்வொரு துளையாக நகர்த்திக்கொண்டே வந்தான். ஒரு துளையில் 5 வோல்ட் காட்டியது. அடுத்ததில் பூஜ்யத்தை ஒட்டி விழுந்தது. நின்றான். ஒரு துளை பின்னால் போய் மறுபடி அளந்தான். பிறகு குனிந்து அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தான். ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் வாயைத் திறக்காமல் நிற்பது எனக்குப் பெரும் பாடாக இருந்தது. ஆனால் அந்தப் பிழையோடு அவன் மறுபடி என்னிடம் வந்ததேயில்லை.

இப்போது உன் மாணவர்களின் கருவிக்கு வருகிறேன். நிரலை இயக்கும் ஆர்டுயினோ பலகை, அதன் கட்டளைப்படி பம்பை ஓட்டி நிறுத்தும் சுவிட்சான ரிலே, சிறிய பம்ப் ஆகிய மூன்றுக்கும் ஒரே யுஎஸ்பி இணைப்பிலிருந்து 5 வோல்ட் எடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும். அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரியும். ஓர் அளவுக்குக் கீழே போனால் பலகையின் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் தன்னைத்தானே மீட்டமைத்துக்கொள்ளும். பிள்ளைகளோ இரவு முழுவதும் நிரலைத் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நிரல் திரையில் தெரிகிறது, மின்னழுத்தச் சரிவு எங்கும் தெரிவதில்லை. ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும் அந்தச் சரிவு, ஒரு நொடிக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே எண்ணை மாற்றிக் காட்டும் சாதாரண மல்டிமீட்டரிலும் அகப்படாது.

இதை அவர்களிடம் சொல்லிவிடாதே. நிரலின் தொடக்கப் பகுதியில், பலகை விழிக்கும்போதெல்லாம் திரையில் ஒரு சொல்லை அச்சிடும் வரி ஒன்றைச் சேர்க்கச் சொல். பம்ப் கிளம்பும்போதெல்லாம் அந்தச் சொல் புதிதாக வந்து விழுந்தால், நிரல் தடுமாறவில்லை, பலகையே முதலிலிருந்து தொடங்குகிறது என்று அவர்களாகவே கண்டுகொள்வார்கள். அடுத்து, பம்பின் கம்பியைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் இயக்கிப் பார்க்கச் சொல். பம்புக்குத் தனி பேட்டரி வைக்கும் யோசனை அதற்குப் பிறகு தானே வரும். அப்போது, பேட்டரியின் எதிர்முனையைப் பலகையின் தரை இணைப்போடு சேர்க்க வேண்டுமா என்று யாராவது ஒருவர் கேட்பார். ரிலேயின் தொடுமுனைகள் வழியாக ஓடும் சர்க்யூட் தனியாகப் பிரிந்து நிற்பதால் சேர்க்கத் தேவையில்லை. ரிலேக்குப் பதிலாக, தொடுமுனைகள் இல்லாத சுவிட்சாக டிரான்சிஸ்டரை வைத்தால் கட்டாயம் சேர்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தானாக விளக்கத் தெரிந்த மாணவருக்குப் பாதி மதிப்பெண்ணை அங்கேயே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

மோட்டார் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது. மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார் காட்டும் எண் 30க்குக் கீழே போனால் பம்ப் ஓட வேண்டும், 30ஐத் தாண்டினால் நிற்க வேண்டும் என்று எழுதினால், அந்த எல்லையில் ரிலே படபடவென்று அடித்துக்கொண்டேயிருக்கும். 30இல் ஓடத் தொடங்கி 45இல் நிற்கட்டும் என்று இடைவெளி விட்டால் அடங்கிவிடும். இதைப் பாடமாகச் சொல்லாமல், அந்தச் சத்தத்தை முதலில் அவர்கள் காதால் கேட்கட்டும். பிறகு ஒரு நாள், ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் சென்சாரை மண்ணிலிருந்து நீயே பிடுங்கிவிட்டுப் பேசாமல் நின்று பார். காற்றில் தொங்கும் சென்சார், மண் காய்ந்துவிட்டது என்றே சொல்லும். பம்ப் நிற்காமல் ஓடும். இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்ற வரம்பு ஏன் வேண்டும் என்பது அந்த ஒரு செயலிலேயே விளங்கிவிடும். மனிதர் அருகில் இல்லாதபோது இயங்குவதற்கென்றே செய்யப்படும் கருவிக்கு, சென்சார் பொய் சொல்லும் நாளில் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மாணவர் திட்டங்கள் பலவற்றில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கம்பி முனைகளை மண்ணில் குத்தும் வகை சென்சாராக இருந்தால், மின்சாரம் ஓயாமல் ஓடி முனைகள் விரைவில் அரித்துப்போகும். அளக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் கொடுக்கச் சொல்.

விலைக்கு வாங்கிவந்த குழுவை நீ திட்ட வேண்டாம். அவர்கள் கருவியில் ஏதாவது ஒரு கம்பியைத் தொட்டுக் காட்டி, இதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று கேள். பதிலை எழுதிவைத்த பிறகு பிடுங்கிப் பார்க்கட்டும். வாங்கியதையே அக்கக்காகப் பிரித்துப் புரிந்துகொண்டார்கள் என்றால் அதுவும் உழைப்புதான், அதற்குரிய மதிப்பெண்ணைக் கொடு. ஒன்றில் மட்டும் நீ கண்டிப்பாக இரு: வீட்டு மின்சாரத்தை ரிலேயில் இணைக்க எந்தக் குழுவையும் விடாதே, பேட்டரியில் ஓடுவது போதும்.

மறுபடி செய்துகாட்டும் நாளில், கருவியோடு ஒரு குறிப்பேட்டையும் கொண்டுவரச் சொல். எந்த நாளில் எது பழுதானது, எதைச் சந்தேகப்பட்டார்கள், எதை அளந்தார்கள், என்ன எண் வந்தது என்பதெல்லாம் அவர்கள் கையெழுத்தில் இருக்கட்டும். தேர்வாளர் சம்மதித்தால் அதற்கும் மதிப்பெண் ஒதுக்கு. சம்மதிக்காவிட்டாலும் நீ வாங்கிப் படி. பம்புக்குத் தனி பேட்டரி வைப்பதற்கு முன்னால் அந்தச் சொல் திரையில் எத்தனை முறை வந்து விழுந்தது என்று எண்ணியிருப்பார்கள். அந்த எண்ணையும், அதை முதலில் கவனித்தது யார் என்பதையும் எனக்கு எழுது.

உன் அன்புள்ள
அம்மா