சூரியனை வரைவோர் குழு: 2024 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, சங்கத்துப் பெரியவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மொரீஷியஸில் நம் தமிழ்ச் சங்கத்தின் வானியல் பிரிவு 2024-ஆம் ஆண்டில் செய்த வேலைகளைச் செயலாளர் என்ற முறையில் சபை முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இரவு நேர நட்சத்திர வகுப்பு வழக்கம்போல் நடந்தது. மற்றபடி இந்த ஆண்டு நம் உழைப்பெல்லாம் பகலில்தான் போனது. சங்கத்தின் 40 மி.மீ. ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கியில் சூரியனின் விளிம்பைப் பார்த்து, ப்ராமினன்ஸ் என்கிற தழல்களைக் கையால் வரைந்தோம்.

ஆண்டின் தொடக்கம் சரியாக அமையவில்லை. ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துப் போனதை எல்லோரும் பார்த்தோம். தைப்பூசக் காவடி முடிந்த பிறகுதான் குழு கூட முடிந்தது. அப்புறம் மழைக்காலம். மே மாதம் பிறந்த பிறகே தொடர்ந்து வேலை நடந்தது. கியூர்பீப் பக்கம் மேகம் விலகாத நாள்களில் மேற்குக் கரைக்கு, ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம் போய்விடுவோம். காலையில் சீக்கிரம் உட்கார்ந்தால்தான் நல்லது. தரை சூடேறிய பின் சூரியனின் விளிம்பு துடிக்க ஆரம்பித்துவிடும், நுண்ணிய இழைகள் தெரியாது. வேலை முடிந்ததும் தேநீரும், காத்தோ பிமான் என்கிற மிளகாய் வடையும் கொண்டுவந்து கொடுத்த வீட்டாருக்கு இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிறு விளக்கம். இந்தத் தொலைநோக்கி 656.28 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மிகக் குறுகிய சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது. ஹைட்ரஜன் உமிழும் ஒளி அது. தழல் என்று சொன்னாலும் அங்கே எதுவும் எரியவில்லை. சூரியனின் காந்தப்புலம் தாங்கிப் பிடித்திருக்கும் வாயு அது. சுற்றியுள்ள கொரோனா என்ற சூரியனின் வெளி வளிமண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல் கொதிக்கும்போது, இது பத்தாயிரம் டிகிரி அளவில்தான் இருக்கிறது. விளிம்பில் நிற்கும்போது பின்னணி கருப்பு என்பதால் ஒளிர்ந்து தெரியும். அதே பொருள் சூரிய வட்டின் மேலே வந்துவிட்டால் கருத்த இழையாகத் தெரியும்.

வரையும் முறையில் இந்த ஆண்டு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தோம். கருப்புத் தாளில் 10 செ.மீ. வட்டம் போட்டுத்தான் எல்லோரும் தொடங்க வேண்டும். அந்த அளவில் 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 14,000 கி.மீ.; நம் பூமி அதைவிடக் கொஞ்சம் சின்னப் புள்ளி. தலைமேல் கருப்புத் துணி போட்டுக்கொண்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை பென்சிலைத் தொடக்கூடாது. முதலில் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு தழலின் இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வெள்ளைப் பென்சிலால் உருவம், கடைசியில் தாள்சுருளால் தேய்த்து மங்கலான பகுதி. நடுவே எட்டலான் வளையத்தை, அதாவது உள்ளே விடும் அலைநீளத்தைச் சற்று மாற்றும் வடிகட்டியின் வளையத்தை, இரு பக்கமும் சற்றே திருப்பிப் பார்க்கச் சொல்கிறோம். நம்மை நோக்கியோ விலகியோ வேகமாக நகரும் வாயுவின் ஒளி அலைநீளம் கொஞ்சம் தள்ளிப்போய்விடுவதால், ஒரே நிலையில் வைத்திருந்தால் தழலின் ஒரு பாகம் கண்ணில் படாமலே போகும்.

ஜூலை மாதத்தில் ரோஸ் ஹில்லைச் சேர்ந்த நம் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா வரைந்த மூன்று படங்களைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். தயவுசெய்து பக்கத்தில் போய்ப் பாருங்கள். கிழக்கு விளிம்பில் வேலிபோல் வரிசையாக நின்ற தழல் அது. முதல் படத்தில் ஐந்து கால்கள், மேலே அவற்றை இணைக்கும் மெல்லிய கூரை. இருபது நிமிடம் கழித்து வரைந்ததில் வடக்கு ஓரத்துக் கால் மெலிந்து, கூரையின் நுனி வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. மூன்றாவதில் அந்த நுனி அறுந்து, விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி, ஒட்டாமல் தனியே நிற்கிறது. கணக்குப் போட்டால் 80,000 கி.மீ.க்கும் மேல் உயரம். அம்மா ஒவ்வொரு தாளிலும் நேரத்தை உலகநேரத்தில் எழுதியிருக்கிறார்கள். நம் நேரத்திலிருந்து நான்கு மணி குறைத்தால் வருவது. அந்த ஒரு வரி இருப்பதால்தான் அவை பதிவு ஆகின்றன. நேரமும் திசையும் இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கோப்பில் சேர்ப்பதில்லை என்று குழு முடிவு செய்திருக்கிறது. சிலருக்கு வருத்தம் இருக்கலாம், ஆனால் அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

திசை நம் ஊரில் தனிப் பிரச்சினை. ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி இருபது தேதி வாக்கில்வரை தெற்கே போய்விடுகிறது. வடக்கு நாடுகளில் எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு மேல் கீழ் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் எளிய வழி ஒன்றைக் கட்டாயமாக்கினோம்: தொலைநோக்கியை அசைக்காமல் விட்டுவிடுங்கள், பார்வைப் புலத்தை விட்டு முதலில் வெளியேறும் விளிம்பே மேற்கு. இது எந்த ஊரிலும், எந்த மாதத்திலும் மாறாது.

மே மாதம் மறக்க முடியாதது. 13664 என்று எண்ணிட்ட பெரிய சூரியப் புள்ளித் தொகுதி வட்டைக் கடந்தது. மே 10, 11 தேதிகளில் பூமியைத் தாக்கிய காந்தப் புயல் 2003-க்குப் பிறகு வந்தவற்றில் மிகக் கடுமையானது. அதே தொகுதி மே 14 அன்று மேற்கு விளிம்பை எட்டியபோது எக்ஸ் 8.7 அளவில் வெடித்தது (எக்ஸ் என்பது சூரிய வெடிப்புகளில் மிகக் கடுமையான வகை). நமக்கு அப்போது இரவு 8.51. சூரியன் மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. உலகின் வெவ்வேறு தீர்க்கரேகைகளில் ஆள்கள் இருந்து வரைய வேண்டியதன் அவசியம் இதில் தெரிகிறது.

கேமரா இருக்கும்போது கை எதற்கு என்று சென்ற கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. வட்டு மிகப் பிரகாசம், தழல் அதைவிட மங்கல். ஒரே படத்தில் இரண்டையும் சரியாகப் பிடிப்பது கேமராவுக்குக் கடினம், கண் இரண்டையும் சமாளித்துவிடும். அதைவிட முக்கியம், அரைமணி நேரம் உற்றுப் பார்த்து வரைந்தவருக்குத் தழல் எங்கே மாறுகிறது என்பது பழகிவிடுகிறது.

இந்த வேலை நம் தீவுக்குப் புதிதும் இல்லை. பாம்பிள்மூஸில் 1870-இல் அடிக்கல் நாட்டிய ராயல் ஆல்ஃபிரட் வானாய்வகத்தில் சார்லஸ் மெல்ட்ரம் சூரியப் புள்ளிகளுக்கும் இந்தியப் பெருங்கடல் புயல்களுக்கும் தொடர்பு தேடினார். அந்தத் தொடர்பு பின்னாளில் நிலைக்கவில்லை. ஆனால் இங்கே எடுத்த சூரியப் படங்கள் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தின் தொடர்பதிவில் விடுபட்ட நாள்களை நிரப்பின. கொடைக்கானலில் வானியலாளர்களான எவர்ஷெட் தம்பதி தழல்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1917-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதற்கெல்லாம் முன்பு, 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் முழுக் கிரகணத்தின்போது தழல்களைக் கண்ட பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், மறுநாள் கிரகணமே இல்லாமல், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைமானியில் அவற்றைப் பார்த்துக் காட்டினார்.

கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உட்புற வடிகட்டி ஒன்றில் ஈரத்தால் மங்கல் படிந்திருக்கிறது, படத்தின் ஒளி குறைந்துவிட்டது. மாற்று வடிகட்டிக்கு இந்தச் சபையின் ஒப்புதலைக் கேட்கிறேன். அதுவரை சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில்தான் இருக்கும். யாரும் வீட்டில் பிரித்துத் துடைக்க வேண்டாம். வடிகட்டி இடம் மாறினால் கண்ணே போய்விடும். குழந்தைகளை இந்தத் தொலைநோக்கி தவிர வேறு எதனாலும் சூரியனைப் பார்க்க விடாதீர்கள்.

அக்டோபர் 15 அன்று நாசாவும், அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும், ஏறக்குறைய பதினோரு ஆண்டுச் சுழற்சியில் சூரியன் உச்சகட்டத்தை எட்டிவிட்டதாக அறிவித்தன. 2025-இலும் விளிம்பில் வேலை குறையாது. கிழக்கு விளிம்பில் தோன்றும் ஒரு தழலை, அது வட்டில் இழையாகி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மேற்கு விளிம்புக்கு வரும்வரை, முறை வைத்துத் தினமும் வரையத் திட்டம். வாரநாள் காலையில் வரக்கூடியவர்கள் தேவை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

பணிவன்புடன்,
செயலாளர், வானியல் பிரிவு