ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவுக்குத் திறந்த மடல்

தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் உங்கள் பரிந்துரைப் பட்டியலில் இந்த முறையும் டயமண்ட் ஹெட் என்ற ஹெவி மெட்டல் குழு இல்லை. இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜில் 1976இல் தொடங்கிய அந்தக் குழுவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1981இல் அவர்களின் கச்சேரியைக் கேட்கவே அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்த லார்ஸ் உல்ரிக் கிதார் கலைஞர் பிரையன் டாட்லரின் வீட்டிலேயே தங்கியதும், பின்னர் அவர் டிரம்ஸ் வாசிக்கும் மெட்டாலிகா குழு 'ஆம் ஐ ஈவில்' உள்ளிட்ட அவர்களின் பாடல்களைப் பதிவு செய்ததும், 2009இல் மெட்டாலிகாவைக் கௌரவித்த உங்களுக்குத் தெரியாதவை அல்ல.

எந்த இசைத்தட்டு நிறுவனமும் முன்வராததால், 1980இல் முதல் ஆல்பத்தைத் தாங்களே 1,000 பிரதிகள் அச்சிட்டு, படமில்லாத வெள்ளை உறையில் கையொப்பமிட்டு விற்றவர்கள் அவர்கள். பிறகு எம்.சி.ஏ. என்ற இசைத்தட்டு நிறுவனம் கிடைத்தது, 1982இல் வந்த ஆல்பம் பிரிட்டிஷ் தரவரிசையில் 24ஆம் இடம் வரை ஏறியது. இனி விடிவுகாலம்தான் என்றிருந்த வேளையில், 1983இல் வெளியான 'கேன்டர்பரி' ஆல்பத்தின் முதல் 20,000 இசைத்தட்டுகள் அச்சுக் கோளாறோடு வெளிவந்தன. ஊசியை வைத்தால் அது தடம் விட்டுத் தாவும். காசு கொடுத்து வாங்கியவர் தட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் பார்ப்பாரே தவிர, பிழை பாடியவருடையதா ஆலையுடையதா என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். அந்த ஆல்பத்தின் புதிய பாணி பிடிக்காமல் விலகிய ரசிகர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாணியை ஒழுங்காகக் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பே பலருக்குக் கிட்டவில்லை. 1985இல் குழு கலைந்தது.

விற்பனைக் கணக்கைப் பார்த்து இவர்களைச் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை. பிறரை உருவாக்கியவர்களுக்கென்றே இசைத் தாக்க விருது என்ற பிரிவை வைத்திருக்கிறீர்கள். அதில் டயமண்ட் ஹெட்டைச் சேருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

1970இல் முதல் ஆல்பம் வெளியிட்ட ஹெவி மெட்டல் முன்னோடியான பிளாக் சபாத் குழுவையே 2006 வரை வாசலில் நிறுத்தி வைத்தீர்கள். இன்னொரு மெட்டல் குழுவான ஜூடாஸ் ப்ரீஸ்டை 2022இல்தான், அதுவும் 'இசைச் சிறப்பு' விருது என்ற பக்கவாசல் வழியாக, உள்ளே விட்டீர்கள். கிளீவ்லாந்து ஏரிக்கரையில் நிற்கும் உங்கள் கண்ணாடிக் கட்டடம் ஹெவி மெட்டலின் அதிர்வைத் தாங்காது என்று பொறியாளர்கள் யாரேனும் எச்சரித்திருந்தால், அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். கடுமையாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

டாட்லர் இன்றும் மேடையில் நிற்கிறார். 2023 முதல் சாக்ஸன் குழுவிலும் வாசிக்கிறார். அவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளக்கூடிய காலத்திலேயே, அடுத்த ஆண்டுக்கான இசைத் தாக்க விருதுக்கு டயமண்ட் ஹெட்டின் பெயரைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்