'டொக்' சத்தத்துக்கு கியர் பாக்ஸைக் கழற்றணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சுங்கை சிப்புட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வந்து பட்டணத்தில் இறக்குவது என் வேலை. காடியில் (வண்டியில்) சத்தம் என்று போய் நின்றாலே சில பட்டறைகளில் பெரிய தொகையாகச் சொல்லிவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நல்ல போர்மன்கள் (மெக்கானிக்குகள்) நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் வண்டி பழைய நிசான் வேனட். முன்சீட்டுக்கு அடியில் என்ஜின், இழுவை பின்சக்கரத்தில், இரண்டுக்கும் நடுவே சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் நீளமான புரொப்பெலர் ஷாஃப்ட். தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறி, கிளட்சை விட்டு எண்ணெய் பெடலை (ஆக்சிலேட்டரை) மிதித்தால் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். முதலில் எப்போதாவது வந்தது, பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் வந்தது. பின்னால் உட்காரும் பையன்கள் அதை எதிர்பார்த்து, வந்ததும் கூட்டமாகக் கத்தப் பழகிவிட்டார்கள்.

பட்டறைக்குப் போனேன். வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "கியர் பாக்ஸ் போச்சுக்கா, ஓவர்ஹால் பண்ணணும், மூவாயிரம் வெள்ளி ஆகும்" என்றார் அந்த போர்மன். ஓட்டிப் பாருங்களேன் என்றேன். அதற்கும் அவருக்கு நேரமில்லை.

எங்கள் பெரியப்பா தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும், "எந்த கியர்ல வருது, அம்மாடி?" என்று கேட்டார். எல்லா கியரிலும் வருகிறது, ரிவர்ஸிலும் வருகிறது என்றேன். "ஒரே சீராப் போகும்போது?" அப்போது இல்லை. எண்ணெயிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதிக்கும் அந்த நொடியில் மட்டும். "அப்ப கியர் பாக்ஸுக்குப் பின்னால பாரு" என்றார்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, என்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு அடியில் படுத்தார். ஷாஃப்ட் மடங்கியும் சுழல விடுகிற இணைப்பான யூனிவர்சல் ஜாயிண்டுக்கு இருபுறமும் கைகொடுத்து, ஒரு பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைத் திருகினார். ஆட்டம் இருந்தது. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஜாயிண்டின் மூடியைச் சுற்றி மிளகாய்த்தூள் போலச் செந்துரு படிந்திருந்தது. உள்ளே கிரீஸ் வற்றி, ஊசி பேரிங்குகள் தேய்ந்து பொடியானால்தான் அப்படித் துரு வெளியே கசியுமாம். வேறொரு பட்டறையில் அந்த ஜாயிண்டை மட்டும் மாற்றினோம். கூலியோடு சேர்த்தும் இருநூறு வெள்ளியைத் தாண்டவில்லை. சத்தம் போய்விட்டது, பையன்களுக்குத்தான் வருத்தம்.

கியர் பாக்ஸுக்குள் பல் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு கியரில்தான் அதிகமாக உறுமும். நியூட்ரலில் நிற்கும்போது கிர்ரென்று கேட்டு, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் அப்போது கியர் பாக்ஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போதுதான் சத்தமே வருகிறது என்றால் கிளட்ச் பேரிங். மூவாயிரம் வெள்ளி கேட்கிறவர் இவற்றையாவது பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

வேனை விடுங்கள். வாசகர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது மைவியும் சாகாவும்தானே? அவற்றுக்கு இழுவை முன்சக்கரத்தில். பசார் மாலாம் (இரவுச் சந்தை) பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து எண்ணெய் கொடுக்கும்போது சக்கரத்தருகே டக் டக் டக் என்றால், முன்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயிண்டைப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும். நம் தோட்டப் பாதைகளின் கூர்க்கல்லுக்கு அந்த உறை ஒரு பொருட்டே இல்லை. சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைக் கண்டுவிட்டால் உறையும் கிரீஸும் மாற்றினால் போதும். மண் உள்ளே போய்விட்டால் ஜாயிண்டையே மாற்ற வேண்டியதுதான்.

வேகத்தோடு சேர்ந்து ஊங்காரம் ஏறினால் அது சக்கர பேரிங்காகவோ டயராகவோ இருக்கும். வலப்பக்கம் வளையும்போது கூடினால் பெரும்பாலும் இடச்சக்கரம். கோலாகங்சார் தாண்டி புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் மட்டும் என்ஜினில் கிணிகிணி என்று கேட்டால், கியரைக் குறைத்து, எண்ணெயையும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஒரு முறை ரோன் 97 பெட்ரோல் ஊற்றி அது அடங்குகிறதா என்றும் பார்க்கலாம். அடங்கினால் கரி படிந்திருக்கிறதா, என்ஜின் சூடேறுகிறதா என்று போர்மனிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ஆழமாக மடமடவென்று அடித்து, என்ஜின் ஆயில் விளக்கும் எரிந்தால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். வீடு வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் என்ஜினையே மாற்ற வேண்டி வரும்.

எக்சோஸ் ஓட்டையைத்தான் எல்லாரும் அலட்சியம் செய்கிறார்கள். காலையில் குளிர்ந்த என்ஜினில் டிக்டிக் என்று கேட்கும், எண்ணெயை மிதித்தால் வேகமாகும், சூடேறினால் சில வேளை அடங்கிப் போகும். 'சத்தம்தானே' என்று விட்டுவிடுவார்கள். அந்த ஓட்டை வழியே வரும் புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. என்னுடையதைப் போலச் சீட்டுக்கு அடியில் என்ஜின் இருக்கும் வேனில் பிள்ளைகளை ஏற்றுகிறவர்கள் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எங்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாகனப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள், சொந்தக் காடிக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லை.

பட்டறைக்குப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். நின்ற இடத்தில், நியூட்ரலில், என்ஜினை மட்டும் முறுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் பெரும்பாலும் என்ஜின், பெல்ட், எக்சோஸ் பக்கம். ஓடும்போது மட்டும் வந்தால் ஷாஃப்ட், சக்கரம், மவுண்டிங் பக்கம். பக்கத்தில் உட்காருபவரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்புறம் போர்மனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். வர மறுத்தால் அடுத்த பட்டறையைப் பாருங்கள், சுங்கை சிப்புட்டில் பட்டறைக்கா பஞ்சம்?

தங்கள் நாளிதழில் வாரம் ஒரு முறை வாகனப் பராமரிப்புக்கு கால் பக்கம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். ராசிபலன் பக்கத்தில் கொஞ்சம் இடம் எடுத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கும் ஒன்று. சொந்தப் பயன்பாட்டுக் காடியாக இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. என்ன மாற்றினார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானையும் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்