மதினிக்கு: ரிப்போர்ட்டில் வந்த அந்த 4 மில்லிமீட்டர்

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். "எல்லாம் முடிஞ்சிட்டுன்னு நெனச்சேன், இப்ப நுரையீரல்ல என்னமோ புள்ளி இருக்காம்" என்று நேற்றிரவு தொலைபேசியில் சொல்லிவிட்டு நீங்கள் வெகுநேரம் பேசாமல் இருந்தீர்கள். பெருங்குடல் புற்றுக்கு அறுவை முடிந்து, கீமோவும் முடிந்து, ஒன்றரை ஆண்டாகச் சேரன்மகாதேவியில் பழையபடி ஆற்றுக்குப் போய்க் குளித்துவரும் உங்களுக்கு அந்த ஒரு வரி என்ன செய்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, நீங்கள் சம்மதித்தபடி, இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த ஸ்கேன் ரிப்போர்ட் உங்களுக்கு எழுதப்பட்டதன்று. படம் பார்க்கும் மருத்துவர், உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவருக்கு எழுதிய குறிப்பு அது. கண்ணில் பட்ட எதையும் விடாமல் எழுதுவது அவர் கடமை. அதனால்தான் ஈரலில் சாதாரண நீர்க்கட்டி, பித்தப்பையில் கல், முதுகெலும்பில் தேய்மானம், வலது நுரையீரலில் 4 மில்லிமீட்டர் புள்ளி என்று நான்கும் ஒரே எழுத்தளவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருக்கின்றன. முதல் மூன்றும், புற்றுநோய் எட்டிப் பார்க்காத எத்தனையோ பேருக்கு நம் வயதில் ஸ்கேன் எடுத்தால் தென்படுபவை.

நான்காவதைப் பற்றித்தான் உங்களுக்குக் கவலை. அது ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். பெருங்குடல் புற்று ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போகக்கூடியது என்பதால்தான் அந்த இரண்டையும் ஸ்கேனில் பார்க்கிறார்கள். ஆனால் நுரையீரலில் இவ்வளவு சிறிய புள்ளி இருப்பதற்குக் காரணங்கள் பல. எப்போதோ வந்துபோன சளித்தொற்று தழும்பு விட்டிருக்கலாம். காசநோய்க் கிருமி பட்டு ஆறிய இடத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். சிறு வயதில் உங்களுக்குப் பிரைமரி காம்ப்ளக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய், என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்ததாக உங்கள் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அடுத்த முறை அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, "புத்துநோயா இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா உடனே பாக்க வேண்டியதுதானே, எதுக்கு மூணு மாசம் சும்மா விடுதாங்க?" என்று கேட்டீர்கள். அவர்கள் சும்மா விடவில்லை, மதினி. 4 மில்லிமீட்டர் புள்ளியை ஊசியால் குத்தி எடுப்பது மிகக் கடினம்; சர்க்கரை போன்ற மருந்தை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனும் 8 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதை நம்பும்படி காட்டாது. ஆகவே காலம்தான் இங்கே பரிசோதனை. விட்டம் 4 மில்லிமீட்டரிலிருந்து 5 ஆனாலே அதன் கன அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். நாளைக்கே மறுபடி எடுத்தால் அந்த மாற்றம் தெரியாது. அது தெரிவதற்கு வேண்டிய இடைவெளியைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதோடு, படத்தை எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் அளவு சற்றுக் கூடக்குறையத் தெரியலாம். கூடுமானவரை அதே இடத்தில் எடுங்கள். பழைய ஸ்கேன்களின் குறுந்தகடுகளையும் கையோடு கொண்டுபோங்கள். அறுவைக்கு முன் எடுத்த படத்திலேயே அந்தப் புள்ளி இருந்ததா என்பதுதான் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

எனக்கு நடந்ததை நீங்கள் முழுதும் அறியமாட்டீர்கள். 2019இல் மார்பில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து முடித்த நான்காம் மாதம் வறட்டு இருமல் வந்து சிடி ஸ்கேன் எடுத்தேன். சனிக்கிழமை மாலை ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். டாக்டரோ செவ்வாய்க்கிழமைதான் வருவார். நுரையீரலின் முன்பக்கம் வெண்படலம் என்று எழுதியிருந்ததை நானே செல்போனில் தேடித் தேடிப் படித்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், மூன்று இரவும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். செவ்வாயன்று டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா மூடியால் அந்தப் படலத்தின் ஓரத்தைத் தடவிக் காட்டினார். அது கோடு போட்டாற்போல நேராக இருந்தது. கரண்ட் பட்ட இடத்தின் எல்லையும் அதுவே. நோய் இப்படி நேர்கோட்டில் வளராது, இது கரண்டால் வந்த அழற்சி என்றார். அந்த மூன்று இரவுகள் நீங்கள் படக்கூடாதவை என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் இப்படியே முடிவதில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. கரண்ட் வரிசையில் என்னோடு காத்திருந்த ஒரு அக்காவுக்கு ஈரலில் தெரிந்த புள்ளி அடுத்த ஸ்கேனில் வளர்ந்திருந்தது. சிறிதாக இருக்கும்போதே தெரிந்ததால் உடனே வைத்தியம் தொடங்கினார்கள். நீங்களும் இடையில் விடாத இருமலோ, சளியில் இரத்தமோ, மூச்சுத்திணறலோ, காரணமில்லாத எடைக்குறைவோ கண்டால் மூன்று மாதம் ஆகட்டும் என்று இருக்காதீர்கள், அன்றே போங்கள்.

அண்ணன் உங்கள் கருப்பட்டிக் காப்பியை நிறுத்திவிட்டாராமே. பெட் ஸ்கேனில் சர்க்கரை போன்ற மருந்தை ஏற்றுவதைக் கேட்டு, இனிப்பு சாப்பிட்டால் கட்டி வளரும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். உடம்பின் எல்லா உயிரணுக்களுக்கும் சர்க்கரை வேண்டும். நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரல் அதைச் செய்து கொடுத்துக்கொண்டேயிருக்கும். உங்களுக்குச் சர்க்கரை வியாதியும் இல்லை. பயத்தில் அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும்போல இருக்கிறது. அவரிடம் ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கும் வேலையைக் கொடுங்கள்.

விசாரிக்க வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்; "டாக்டர் மூணு மாசத்துல பாக்கணும்னாரு" என்று மகள் சொல்லட்டும். கவலையை அடக்கி வைக்கவும் வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் என்னைக் கூப்பிடுங்கள், அழ வேண்டுமென்றால் அழுங்கள், அதே பேச்சைப் பத்து முறை பேசினாலும் கேட்பேன். விடியற்காலையில் ஆற்றுக்குப் போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்கேன் நாளன்று செங்கோட்டையிலிருந்து வரும் காலை ரயிலில் ஏறிவிடுங்கள். நான் திருநெல்வேலி ஜங்ஷனில் நிற்பேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தால் அப்படியே வாருங்கள். ஸ்கேன் முடிந்ததும் குடிக்கப் பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் நாத்தனார்