யாகப்பர் கோயில் இருந்தால் அங்கே யாத்திரைப் பாதை இருந்ததா?

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களைப் பற்றித் தமிழில் எழுதும் பயண எழுத்தாளர்களுக்கும் சுற்றுலா வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமக் கோயிலின் பாதுகாவலர் யாகப்பர் (இயேசுவின் சீடர், ஆங்கிலத்தில் ஜேம்ஸ்) என்று பலகையில் பார்த்ததும், "ஸ்பெயினில் அவர் கல்லறை உள்ள கொம்போஸ்தெலாவுக்குப் போன யாத்திரிகர்கள் இவ்வழியே நடந்தார்கள்" என்று ஒரு வரி எழுதிவிடுகிறீர்கள். நிக்கோலாஸ் என்றால் அவர் உடல் இருக்கும் இத்தாலியின் பாரி நகரம், ஜைல்ஸ் என்றால் அவர் கல்லறை உள்ள தென்பிரான்சு. வரைபடத்தில் ஒரு கோடும் விழுந்துவிடுகிறது. நம் சந்தியாகப்பர் என்ற பெயரே 'சாந்தியாகோ' (புனித யாகப்பர்) என்பதிலிருந்து வந்ததுதான். அதற்காக நம் கடற்கரையிலிருந்து ஸ்பெயினுக்கு நடைபாதை இருந்ததென்று யாரும் எழுதுவதில்லையே!

புனிதரைத் தேடி ஊர் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புனிதரே ஊருக்கு வருவார், பெரும்பாலும் ஒரு எலும்புத் துணுக்காக. 787இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், அருளிக்கம் (புனிதரின் எலும்பு போன்ற எச்சம்) இல்லாமல் கோயிலை நேர்ந்தளிக்க, அதாவது சடங்கு செய்து இறைவனுக்கு உரியதாக்க, கூடாது என்றது. அந்தச் சடங்கில் ஆயர் மும்முறை கோயிலைச் சுற்றிவந்து செங்கோலால் கதவைத் தட்டுவார். தரையில் குறுக்கும் நெடுக்குமாகச் சாம்பல் தூவி, அதில் கிரேக்க, லத்தீன் எழுத்துகளை எழுதுவார். சுவர்களில் 12 சிலுவைகளுக்குத் திருத்தைலம் பூசுவார். பீடத்தில் குடைந்த சிறு குழிக்குள் அருளிக்கத்தோடு மூன்று சாம்பிராணி மணிகளையும் வைத்து, மேலே கல்லைப் பொருத்திச் சாந்து பூசிவிடுவார்கள்.

அருளிக்கம் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? இங்கிலாந்தில் 816இல் கூடிய செல்சி சங்கம் அதற்கும் வழி சொன்னது: நற்கருணை அப்பத்தை வைத்தால் போதும். எந்தப் புனிதருக்கு நேர்ந்தளித்தது என்பதைச் சுவரிலோ பலகையிலோ பீடத்திலோ குறித்துவைக்கவும் சொன்னது. ஆக, பீடத்துக்குள் இருப்பதும் வாசலில் எழுதியிருப்பதும் ஒரே புனிதராக இருக்கவேண்டும் என்பதில்லை.

இங்கிலாந்தின் ரெடிங் மடத்தைப் பாருங்கள். 1121இல் அரசர் முதலாம் ஹென்றி தொடங்கியது. அவருடைய மகள் பேரரசி மட்டில்டா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த யாகப்பரின் கை அங்கேதான் இருந்தது. ஆனாலும் மடம் மரியாளுக்கும் அருளப்பருக்கும் (யோவானுக்கும்) உரியது. கையே இருந்த இடத்துக்கு யாகப்பர் பெயர் இல்லை!

நோரோன் கதை வேறு மாதிரி. நிக்கோலாசின் உடல் 1087இல் இன்றைய துருக்கியிலுள்ள மைராவிலிருந்து பாரிக்குப் போனது. அப்போது தென்னித்தாலியில் இருந்த வில்லியம் பான்டுல்ஃப் என்ற நார்மன் வீரர், அதைக் கொண்டுவந்தவர்களிடம் கேட்டு ஒரு பல்லையும் கல்லறையின் இரண்டு பளிங்குத் துண்டுகளையும் வாங்கினார். 1092இல் அவை வடபிரான்சின் நார்மண்டியில் நோரோன் என்ற சின்ன ஊரின் மடத்துக்கு வந்துசேர்ந்தன. யாத்திரைக் கூட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு நிலப்பிரபுவின் பயணப் பையில் வந்தவை அவை.

அரசியலும் இதில் உண்டு. கான்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட், இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியோடு மோதி, 1170இல் அவருடைய வீரர்களால் கொல்லப்பட்டு, 1173இல் புனிதரானார். 1174 ஜூலை 12இல் ஹென்றி கான்டர்பரியில் பெக்கெட்டின் கல்லறைமுன் தவம் செய்தார். மறுநாளே ஸ்காட்லாந்து அரசர் வில்லியம் ஆன்விக்கில் ஹென்றியின் படையிடம் சிக்கினார். அதே வில்லியம் 1178இல் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஆர்ப்ரோத் மடத்தைத் தொடங்கிப் பெக்கெட்டுக்கு நேர்ந்தளித்தார். கான்டர்பரியோ தென்கிழக்கு இங்கிலாந்தின் மூலையில். நடுவில் யாத்திரைப் பாதை தேடுவதைவிட, தன்னைத் தோற்கடித்த அரசனையே மண்டியிடவைத்த புனிதர் ஒருவரை வில்லியம் ஏன் தேர்ந்தார் என்று கேட்பது நல்லது.

இடமும் நாளும்கூடப் பெயரை முடிவுசெய்யும். ஜைல்ஸ் முடவர்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் பாதுகாவலர். லண்டனில் கிரிப்பிள்கேட், ஆக்ஸ்போர்டில் வடக்கு வாயில், இரண்டிலும் அவர் கோயில் மதிலுக்கு வெளியேதான் இருக்கிறது. அவர் திருநாள் செப்டம்பர் 1, அறுவடைப் பணம் புழங்கும் நேரம். வின்செஸ்டரில் அவர் பெயரிலுள்ள குன்றில் மூன்று நாள் சந்தை நடத்த 1096இல் ஆயருக்கு உரிமை கிடைத்தது, பிறகு அது 16 நாளானது.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு கேள்வி: பலகையில் இருக்கும் பெயர் பழைய பெயர்தானா? வில்ட்ஷயரின் எடிங்டன் கோயிலை 1361இல் ஆயர் ராபர்ட் வைவில் யாகப்பருக்கும் கத்தரீனாவுக்கும் சகல புனிதர்களுக்கும் நேர்ந்தளித்தார். அந்தச் சடங்கின் சிலுவைகள் இன்றும் உள்ளேயும் வெளியேயும் தெரிகின்றன. ஆனால் இன்றைய பெயரில் யாகப்பர் இல்லை, அவர் இடத்தில் மரியாள்.

நேர்ந்தளித்த ஆண்டும் கட்டிய ஆண்டல்ல. நேர்ந்தளிக்காமல் கிடந்த கோயில்களுக்கு 1237இல் திருத்தந்தையின் தூதர் ஓட்டோ இரண்டே ஆண்டு கெடு வைத்தார். ஸ்காட்லாந்தில் ஆயர் டேவிட் டி பெர்னம் 1240களில் சுமார் 140 கோயில்களை வரிசையாக நேர்ந்தளித்தார். அவற்றில் பல அதற்கு முன்பே இருந்தவை.

பிறகு 1536இல், எல்லாக் கோயில்களின் நேர்ந்தளிப்பு விழாவும் அக்டோபர் முதல் ஞாயிறுதான் என்று எட்டாம் ஹென்றி ஆட்சியில் ஆணை வந்தது. கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பல ஊர்களில் பாதுகாவலர் பெயரே மறந்துபோனது. 18ஆம் நூற்றாண்டில் பிரௌன் வில்லிஸ் போன்ற ஆய்வாளர்கள் ஊர்த் திருவிழா நாளை வைத்துப் பெயரை ஊகித்தார்கள். 1752இல் நாட்காட்டியில் 11 நாள் வெட்டப்பட்டதும் குழப்பம் முற்றியது. அக்டோபர் 10 வாக்கில் விழா என்றால் அது மிக்கேலின் பழைய திருநாளாக (செப்டம்பர் 29ஓடு 11 நாள்) இருக்கலாம், 1536 ஆணையின் மிச்சமாகவும் இருக்கலாம். அப்படி ஊகித்த பெயர்களில் சில இன்றும் பலகையில் நிற்கின்றன.

எனவே எழுதும் முன் முதலில் உயில்களைப் பாருங்கள். 1540க்கு முந்தைய உயிலில் "இன்ன புனிதரின் கல்லறைத் தோட்டத்தில் என்னைப் புதைக்க" என்று இருந்தால் அதைவிட நல்ல சான்று அரிது. அடுத்து ஆயரின் பதிவேடு, சந்தை உரிமைப் பட்டயம். பங்குத்தந்தையை நியமிக்கும் உரிமை எந்த மடத்திடம், எந்தக் குடும்பத்திடம் இருந்தது என்றும் தேடுங்கள். நன்கொடையாளரின் பக்தி அங்கேதான் தெரியும்.

சிப்பிச் சின்னத்தைக் கண்டு அவசரப்படாதீர்கள். அது யாகப்பரின் அடையாளம், எந்தச் சிற்பியும் அவர் தொப்பியில் செதுக்குவார். கல்லறையில் எலும்புக்கூட்டோடு உண்மையான சிப்பி கிடைத்தால் அந்த ஒருவர் போய்வந்தார் என்று சொல்லலாம், ஊரே போனதாக அல்ல. இங்கிலாந்திலிருந்து போனவர்களில் பலர் பிரிஸ்டல், பிளிமத் போன்ற துறைமுகங்களில் கப்பலேறி நேரே ஸ்பெயினின் லா கொருன்யா துறைமுகத்தில் இறங்கினார்கள். உள்நாட்டுக் கிராமங்களைக் கோத்துக் கோடு வரைய வேண்டுமானால், அவர்கள் அங்கே தங்கியதற்கு ஒரு கணக்கேட்டு வரியாவது காட்டுங்கள்.

இப்படிக்கு,
இடைக்காலக் கோயில் ஆவணங்களைப் படிக்கும் சிலர்