ராணிக்கு ஒரு 555 புத்தகம்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராணி,

நாலு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய், இருக்க வேண்டியதுதான். உன் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டேன், ஒன்றுக்கும் வாய் திறக்க முடியவில்லை. அம்மா நலம், மழை வந்தால் முட்டி வலியும் கூடவே வந்துவிடுகிறது. சின்னவன் படிவம் மூன்றுக்கு வந்துவிட்டான். அப்புறம், மண்டோர் தாத்தா தவறிவிட்டார். ரம்புத்தான் விஷயத்தைக் கடைசிவரை மறக்கவில்லை அவர். காரியத்தன்றும் உன் பெயர் அடிபட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிள்ளான் கடையை மூடிவிட்டு, ரவிக்கை ஆர்டரை எல்லாம் டிக்டாக் நேரலையிலேயே பிடிக்கப்போவதாகச் சொன்னாய். வாடகை மிச்சம், ஜாலான் தெங்கு கிளானா நெரிசலும் மிச்சம் என்றாய். அன்றைக்கே எழுத நினைத்தேன். ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் எழுத முடியாது, சொல்லவோ வெட்கமாக இருந்தது.

தீபாவளிக்குப் பதினேழு நாள் இருந்தபோது இணையத்தில் நாங்கள் முறுக்கு விற்கிற பக்கத்தைத் திருடிவிட்டார்கள், ராணி. ராத்திரி பதினோரு மணி இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு ஆர்டர் பார்க்க உட்கார்ந்தேன். "உங்கள் வீடியோவில் பிறர் பாட்டு இருக்கிறது, 24 மணி நேரத்தில் பக்கம் மூடப்படும், இங்கே அழுத்திச் சரிபார்க்கவும்" என்று ஒரு செய்தி. முத்திரை எல்லாம் அசல் போலவே இருந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தேன். போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் கொடுத்தேன். என் வீடியோவில் பாட்டே கிடையாது, எண்ணெய்ச் சத்தம் மட்டும்தான். அது நினைவுக்கு வந்தபோது விடிந்துவிட்டது, பக்கம் என் கையில் இல்லை.

அந்தப் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் பதினோராயிரம் பேர். அது எப்படிச் சேர்ந்தது என்று உனக்குத் தெரியும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை நின்றபோது, நாற்பது போத்தல் முறுக்கு எங்கள் கூடத்தில் அடுக்கியிருந்தது. அக்கா மகள்தான் போனைப் பிடித்தாள். அம்மா குழலைச் சுற்றுகிற கை, எண்ணெயில் மாவு விழுகிற சத்தம், பதினைந்து விநாடி. அவ்வளவுதான். மூன்றே நாளில் அத்தனை போத்தலும் போய்விட்டன. முதலில் தமிழில் மட்டும் எழுதினோம். மலாயிலும் எழுத ஆரம்பித்தபின் நோன்புப் பெருநாளுக்குத் தீபாவளியைவிட அதிகமாகக் கேட்டார்கள். இதை உனக்காகவே சொல்கிறேன்: ரவிக்கையைப் பொம்மைக்கு மாட்டிப் படம் எடுக்காதே. உள்பக்கத் தையலைக் காட்டு, கொக்கி வைக்கிற விரலைக் காட்டு. வாங்குகிறவர்கள் கையைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். முகத்தை வெள்ளையாக்கும் அந்த ஃபில்டரையும் எடுத்துவிடு. ஆறாம் வகுப்பிலிருந்து உன் முகத்தைப் பார்க்கிறேன், அதற்கு எந்தக் குறையும் இல்லை.

விலையையும் போட்டுவிடு. "விலைக்கு பிஎம்", அதாவது தனிச்செய்தியில் கேளுங்கள் என்று எழுதாதே. கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அதோடு, இணையத்தில் விற்பவர் முழு விலை, அனுப்பும் செலவு, வியாபாரப் பெயர், பதிவு எண் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று 2012-லேயே விதிமுறை வந்திருக்கிறது. வியாபாரத்தை எஸ்எஸ்எம்மில், அதுதான் நிறுவனங்கள் ஆணையத்தில், பதிந்திருக்கிறாயா? கடைப் பெயரில் என்றால் வருடத்துக்கு 60 வெள்ளிதான். இதைத் தள்ளிப்போடாதே.

திருடியவன் பக்கத்தை அழிக்கவில்லை. அழித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அம்மாவின் கை வீடியோவுக்குக் கீழேயே "தீபாவளிச் சலுகை, முன்பணம் கட்டுங்கள்" என்று யாருடைய கணக்கு எண்ணையோ போட்டுவிட்டான். மூன்று பேர் கட்டிவிட்டார்கள். அதில் ஒருவர் நம் பழைய தோட்டத்துக்காரர், ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த காசில் பேரப்பிள்ளைகளுக்குப் பலகாரம் வாங்க நினைத்தவர். மூவரையும் உடனே 997-க்குப் போன் அடிக்கச் சொன்னேன். ஏமாற்றுக்காரன் கணக்குக்குப் போன பணத்தை, அது மேலும் கைமாறுமுன் நிறுத்தப் பார்ப்பதற்காக 2022-இல் தொடங்கிய எண் அது. ஒருவருடைய பணம் நின்றது. மற்ற இருவருக்கும் நேரம் கடந்துவிட்டது. மூன்று பேருக்கும் கேட்ட பலகாரத்தை நாங்களே கொடுத்தோம். அம்மா அந்த மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. "என் கையைக் காட்டித் திருடிவிட்டானே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தளத்துக்கு எத்தனை முறை எழுதினேன் தெரியுமா? பேசுவதற்கு மனிதர் யாரும் இல்லை. திரும்பத் திரும்பப் படிவம்தான். அப்போதுதான் எனக்கு நாம் இருந்த லயம், அந்தத் தோட்டத்து வரிசை வீடு, ஞாபகம் வந்தது. தோட்டம் கைமாறியபோது உங்கள் அப்பாவும் எங்கள் அப்பாவும் ஆபீஸ் வாசலில் நின்றார்களே, அதுபோல. கறிவேப்பிலை நாம் வைத்தது, முருங்கை நாம் வைத்தது, ஆட்டுக்கொட்டகை நாம் போட்டது. மண் மட்டும் நம்முடையதில்லை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களின் பங்குப் பணத்திலேயே தோட்டம் வாங்க 1960-இல் அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, எங்கள் தாத்தா சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்துப் பங்கு கட்டினார். நிற்கிற மண்ணில் நமக்கும் ஒரு பிடி வேண்டும் என்பாராம். அதைக் கேட்டு வளர்ந்த நான், ஐந்து வருட உழைப்பை அடுத்தவன் மண்ணில் நட்டுவைத்திருந்தேன்.

எச்சரிக்கை வராமல் இல்லை. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம்போல நின்றுபோனதே, அந்த வருடத் தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. காலையில் எல்லாம் திரும்பி வந்துவிட்டதால் நான் மறந்துவிட்டேன்.

எங்களைக் காப்பாற்றியது அம்மாவின் 555 புத்தகம். தோட்டத்துக் கடையில் கடன் எழுதுகிற அதே சின்னப் புத்தகம்தான். நான் வேண்டாம் என்று சொல்லியும், ஒவ்வொரு ஆர்டரையும் அம்மா அதில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்: பெயர், போன் எண், எத்தனை போத்தல், காரம் அதிகமா குறைவா, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு. எண்ணிப் பார்த்தால் 312 பெயர். நானும் அக்கா மகளும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் அடித்தோம். "பழைய பக்கத்தில் பணம் கட்டாதீர்கள்" என்று முதலில் சொன்னோம், அதற்குப் பிறகுதான் வியாபாரம். தைப்பிங்கிலிருந்து ஒரு மலாய் அம்மா, "உன் அம்மாவின் குரலைக் கேட்கட்டும், அப்போதுதான் நம்புவேன்" என்றார். அம்மா பேசினார். இருபது போத்தல் சொன்னார் அவர்.

அந்தத் தீபாவளிக்குப் போன வருட விற்பனையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஆனால் திரும்ப வாங்குகிறவர்கள் யார் என்று இப்போது எனக்குத் தெரியும். பதினோராயிரம் பேரில் முக்கால்வாசிப் பேர் வேடிக்கை பார்த்தவர்கள்தான், ராணி. அது தப்பில்லை, வீதியில் நாலு பேர் பார்த்தால்தான் ஒருவர் வாங்குவார். இப்போதும் புதுப் பக்கத்தில் வாரம் மூன்று வீடியோ போடுகிறோம். ஆனால் அதில் வருகிற ஒவ்வொருவரையும் புத்தகத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். நம்பரை வாங்குகிறேன், எங்கள் நம்பரையும் பதிந்துகொள்ளச் சொல்கிறேன். வாட்ஸ்அப் பட்டியல் ஒன்றில் 256 பேருக்குத்தான் ஒரே நேரத்தில் அனுப்ப முடியும், அதுவும் நம் நம்பரைப் பதிந்தவர்களுக்கு மட்டுமே போகும். அதனால் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறேன்.

நீ நேரலை செய்யாதே என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பேசுவாய், கூட்டம் சேரும். கடையை மட்டும் இந்த வருடம் மூடாதே. வாடகை கனமாக இருந்தால் பாதி இடத்தை யாருக்காவது விடு. அளவு எழுதிய சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, ராணி. இருபது வருடமாக உன்னிடம் தைத்தவர்களின் தோள் அளவும் போன் எண்ணும் அதில்தான் இருக்கின்றன. போனில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்று இரவே போட்டுவிடு. மகளை உட்காரவைத்துச் செய். யார் கேட்டாலும் ஆறு இலக்க எண்ணைக் கொடுக்காதே. நான் கேட்டால்கூட.

அம்மா உனக்கு இரண்டு போத்தல் ஓமப்பொடி கட்டிவைத்திருக்கிறார், நாளை கூரியரில் போடுகிறேன். கூடவே 555 புத்தகம் இரண்டு இருக்கும். முதல் பக்கத்தில் மேரி அத்தையை எழுது. சின்னவன் பிறந்த வருடம் தைத்த ஊதா ரவிக்கைக்கு அவர் இன்னும் காசு கொடுக்கவில்லை.

அன்புடன்,
கலா