கன்னி மூலையில் ஐந்து நூல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வீடு கட்டுபவர்களுக்கான பக்கத்தைத் தவறாமல் படிப்பவள் நான். மட்டம் பார்க்கச் சுவரில் ஒளிக்கோடு போடும் லேசர் லெவல் மிஷின் வந்த பிறகு அஸ்திவாரத்தில் மட்டம் பிசகும் என்ற பேச்சுக்கே இடமில்லை என்ற தோரணையில் அதில் எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் பிசகியது. அதுவும் அந்த மிஷினாலேயே பிசகியது. கொத்தனார் மேல் பழி விழ இருந்தது, கொஞ்சத்தில் தப்பியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கோட்டையூரில் இருக்கிறேன். பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். என் மகளுக்காகக் காரைக்குடிக்கு வெளியே 30க்கு 25 அடியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, பில்லர் எழுப்பி, பேஸ்மட்டத்துக்கு, சுவர்களுக்கு அடியில் சுற்றி ஓடும் பெல்ட் கான்கிரீட்டும் போட்டாகிவிட்டது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் சித்தாள் அம்மாதான் முதலில் சொன்னார்: "டீச்சர், எங்கிட்டு ஊத்துனாலும் தண்ணி கன்னி மூலைக்குத்தான் போகுது." கன்னி மூலை என்றால் தென்மேற்கு மூலை.

அவ்வளவுதான், ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு காலத்தில் கண்மாய்க் கரை, மண் உள்வாங்கியிருக்கும் என்றார் ஒரு பெரியவர். கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும், இப்படிப் பள்ளமானால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் என் நாத்தனார். வேலையை எடுத்துச் செய்யும் இன்ஜினியர் தம்பி, மிஷின் வைத்துக் குறித்துக் கொடுத்ததைக் கொத்தனார் சரியாகப் பிடிக்கவில்லை என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொத்தனார் மேல்தான் சந்தேகம். மிஷினைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. பச்சைக் கோடு அவ்வளவு நேராக, அவ்வளவு அழகாகச் சுவரில் விழுகிறது!

கொத்தனார் எதுவும் பேசவில்லை. மறுநாள் சைக்கிளில், தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கும் நீளக் குழாயான டியூப் லெவலைச் சுருட்டி மாட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர் நிரப்பி, குமிழி எதுவும் நிற்காதபடி டியூபைத் தட்டித் தட்டி விட்டார். வெயிலில் கிடந்த பகுதியை நிழலுக்கு இழுத்துப் போட்டார். ஒரு பக்கத் தண்ணீர் சூடேறினாலும் மட்டம் ஏமாற்றுமாம். அப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். நின்ற பிறகுதான் ஒரு முனையைச் சித்தாளிடம் கொடுத்து அனுப்பினார்.

வடகிழக்கில் இருக்கும் ஈசான மூலையை வைத்து அளந்ததில், 25 அடி தள்ளியிருந்த மூலை மூன்று நூல் சொச்சம் தாழ்வு. 30 அடி தள்ளியிருந்த மூலை நாலு நூல். குறுக்கே இருந்த கன்னி மூலை ஐந்து நூல். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது உங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். ஐந்து நூல் என்றால் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். 30க்கு 25 செவ்வகத்தின் மூலைவிட்டம் 39 அடி. 25 அடிக்கு மூன்று நூல் சொச்சம், 30 அடிக்கு நாலு, 39 அடிக்கு ஐந்து. தூரம் கூடக் கூட அதே விகிதத்தில் தாழ்வும் கூடுகிறது. மண் உள்வாங்கியிருந்தால் இப்படிக் கணக்குப் பார்த்தா உள்வாங்கும்? கொத்தனார் கை தவறியிருந்தால் ஒரு மூலை மேலேயும் ஒரு மூலை கீழேயுமாக இருந்திருக்கும். விகிதம் எந்த மூலையிலிருந்து தொடங்குகிறது என்று பார்த்தேன். ஈசான மூலை. தம்பி மிஷின் ஸ்டாண்டைப் போட்டிருந்தது அங்கேதான்.

காலையில் தம்பியிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு மிஷினோடு வந்த தாளைத் தேடி எடுத்தார். 10 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் வரை கூடக்குறைய இருக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. நம் கணக்கில் 33 அடிக்கு ஒரு நூல். அதே தாளில் சோதிக்கும் முறையும் படம் போட்டு இருந்தது. அவர் அதுவரை அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை.

பக்கத்து வீட்டுக் கூடத்தில் 20 அடி இடைவெளியில் எதிரெதிராக இரண்டு சுவர்கள் இருந்தன. கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். முதல் சுவரை ஒட்டி மிஷினை வைத்து, அந்தச் சுவரில் கோடு விழும் இடத்தைப் பென்சிலால் குறித்தோம். மிஷினை அப்படியே திருப்பி, எதிர்ச் சுவரிலும் குறித்தோம். பிறகு மிஷினை எதிர்ச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய், அங்கே போட்ட குறியில் கோடு சரியாக விழும்படி ஸ்டாண்டை ஏற்றி இறக்கி நிறுத்தி, முதல் சுவர் பக்கம் திருப்பினோம். மிஷின் சரியாக இருந்தால் கோடு முதல் குறியில் வந்து விழ வேண்டும். ஐந்து நூல் கீழே விழுந்தது.

20 அடிக்கு எப்படி ஐந்து நூல் என்று கேட்கலாம். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று கோளாறு இரட்டிப்பாகிவிடும். அதாவது 40 அடிக்கான பிசகு அது. எங்கள் மூலைவிட்டம் 39 அடி. கணக்கு ஒத்துப்போனதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது, வீடு என்னுடையது என்பதையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன்.

மிஷினுக்கு என்ன ஆனது? இந்தச் சின்ன மிஷின்களில் பலவற்றுக்குள் ஒரு பெண்டுலம் தொங்குகிறது. ஸ்டாண்டு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், மூன்று நாலு டிகிரிக்குள் என்றால் அது தானே நேராகிக் கோட்டை மட்டமாக்கும். எடுத்துப் போகும்போது அதை லாக் போட வேண்டும். தம்பி லாக் போடாமல் பைக்கின் முன்பக்கப் பையில் வைத்துச் சந்து பொந்தெல்லாம் சுற்றியிருக்கிறார். ஒரு தடவை கீழேயும் விழுந்ததாம், அதை அன்றைக்குத்தான் சொன்னார். லாக் போட்டபடியே கோடு அடித்தால் அது இன்னும் மோசம். பல மிஷின்களில் அப்போது கோடு சிமிட்டும். சாய்வு அளவுக்கு மீறினாலும் சிமிட்டும். பேட்டரி போய்விட்டது என்று நினைத்து அந்தக் கோட்டிலேயே வேலையைத் தொடரும் பையன்களும் இருக்கிறார்கள்.

நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பகலில் வெளியே கோடு கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று, கோடு விழும் இடத்தை உணர்ந்து காட்டும் ரிசீவர் இருக்கிறது, அதை வாங்காமல் கையை நிழலாக வைத்துக் குத்துமதிப்பாகக் குறிக்கிறார்கள். தூரத்தில் கோடு தடித்துத் தெரியும்போது ஒருவர் மேல் விளிம்பிலும் இன்னொருவர் கீழ் விளிம்பிலும் குறித்தால் அதிலேயே ஒரு நூல் போய்விடும். புதிதாகக் கொட்டிய மண்ணில் ஸ்டாண்டை நிறுத்தினால் வேலை முடிவதற்குள் ஒரு கால் இறங்கிவிடும்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அதே கெட்டுப்போன மிஷினை மனையின் நடுவில் வைத்து, ஒவ்வொரு மூலைக்கும் திருப்பிக் குறித்திருந்தால் எங்களுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. நடுவிலிருந்து நாலு மூலையும் ஒரே தூரம். நாலிலும் ஒரே அளவு தாழ்ந்திருக்கும், ஆகவே நாலும் ஒரே மட்டம். சுற்றிலும் ஒரே நேரத்தில் கோடு போடும் ரகத்தில் இது முழுசாகப் பலிக்காது, அங்கே கோட்டின் தளமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். அதை ஒவ்வொரு பக்கமாகச் சோதித்தே ஆக வேண்டும்.

கண்மாய்க் கரை என்று சொன்ன பெரியவரை நான் அலட்சியம் செய்யவில்லை. எங்கள் மனையில் இரண்டு அடியிலேயே செம்பூராங்கல் என்கிற கெட்டியான செங்கல் நிறப் பாறை வந்துவிட்டது. ஆனாலும் பதினைந்து நாள் விட்டு அதே குறிகளை மறுபடி டியூபில் அளந்தோம். ஒரு நூல்கூட மாறவில்லை. கட்டிமுடித்த வீட்டில் சந்தேகம் வந்தால் கொத்தனார் சொன்ன வழி இது: செங்கல் வரியைப் பாருங்கள். அடியில் மட்டமில்லாமல் மேலே வரிகள் மட்டமாக ஓடினால் அது கட்டும்போதே வந்த பிசகு, கலவையைத் தடிமனாக வைத்துச் சரிக்கட்டியிருப்பார்கள். வரிகளும் சேர்ந்து சாய்ந்து, ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக விரிசல் போனால் மண் இறங்கியிருக்கிறது. விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைச் சிமென்டால் ஒட்டி வைத்தால், இன்னும் இறங்கும் பட்சத்தில் அது உடைந்து காட்டிக்கொடுக்கும்.

கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் நூறு வருஷத்து முற்றம் வைத்த வளவு வீடுகளில் மழைத்தண்ணீர் தேங்காமல் வடிவதைக் காட்டி, அந்தக் காலத்தில் என்ன மிஷின் இருந்தது என்று கேட்பது இங்கே வழக்கம். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. தளம் இறங்கிய பழைய வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். லேசர் நல்ல கருவிதான். டியூப் பிடிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பார்க்கிறாரே, அந்தப் பத்து நிமிஷத்தை லேசர் வைத்திருப்பவர் ஏன் செலவழிப்பதில்லை என்பதுதான் என் கேள்வி. உங்கள் பக்கத்தில் மிஷின்களைப் பற்றி எழுதும்போது அந்த இரண்டு சுவர் சோதனையையும் ஒரு படத்தோடு போடுங்கள். வீட்டுக்காரர் முன்னால் செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

எங்கள் பெல்ட்டை இடிக்கவில்லை. ஐந்து நூலைச் செங்கல் கலவையிலேயே ஏற்றிவிடலாம் என்று தம்பி சொன்னதற்குக் கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு தடிமனான கலவை கூடாது என்றார். பெல்ட் மேல் பொடிசான சிப்ஸ் ஜல்லி கான்கிரீட் போட்டு, ஈசான மூலையில் ஓர் அங்குலமும் கன்னி மூலையில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு நூல் கூடவுமாக இழுத்து மட்டம் கண்டோம். தரைக்குப் பதிக்க, கையால் செய்யும் ஆத்தங்குடிக் கல்லில் கனம் கொஞ்சம் முன்பின் இருக்கத்தான் செய்யும், அடியிலும் பள்ளம் இருந்தால் பதிப்பவர் என்னைத்தான் திட்டியிருப்பார். கொத்தனாரிடம் நான் சந்தேகப்பட்டதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். "அதெல்லாம் விடுங்க டீச்சர்" என்று டியூபைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

மிஷின் சர்வீஸுக்குப் போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கூடத்தில் எங்கள் பென்சில் குறிகள் அப்படியே இருக்கின்றன. அழித்துத் தருகிறேன் என்றேன். மிஷின் திரும்பி வந்ததும் மறுபடி பார்க்க வேண்டுமே, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்